அண்ணி எழுதாத பதில்

எனக்குக் கடிதம் படிக்க வராது. எழுத்து தெரியும், பொறுமைதான் இல்லை. பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் மேலே இரண்டு வரி பார்ப்பேன், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மரியாதைக்கு எழுதியது என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டதில்தான் ஒருமுறை, நான் வரைந்த கரடியைப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிறுவனத்துக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். கடைத்தெருவில் யாரோ ஒரு பிள்ளையின் முதுகில் என் கரடி ஏறிப் போவதைப் பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

அன்று நான் போட்ட கூப்பாட்டைக் கேட்டுத்தான் அண்ணி இதற்குள் வந்தார். என் அண்ணன் மனைவி. சரக்கு லாரி நிறுவனம் ஒன்றில், எந்த வண்டி என்றைக்கு எங்கே கிளம்ப வேண்டும் என்று பதினோரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர். நிறுவனத்தை மூடிவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தார். நீ படத்தைப் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு என் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, ஒரு பழைய கணினி. என் அலுவலகம் அப்படித்தான் பிறந்தது.

அண்ணிக்குப் படமும் லாரியும் ஒன்றுதான். "யானை வெள்ளிக்கிழமை கிளம்பணும், இன்னும் தும்பிக்கையே வரலையே" என்பார். ஒப்பந்தத்தைக் கடைசி எழுத்துவரை படித்து, பென்சிலால் கோடு போட்டு, இந்த இடத்தை மாற்றினால்தான் கையெழுத்து என்று திருப்பி அனுப்புவார். என்னை ஏய்த்துக்கொண்டிருந்த பதிப்பாசிரியர்கள் எல்லாம் ஆறே மாதத்தில் பெட்டிப் பாம்பாக அடங்கினார்கள். பலகை முழுக்க என் வேலைகள், நீல மையில். இரண்டு வருடம் நான் ராணி மாதிரி இருந்தேன்.

என் வாய்தான் எனக்கு எதிரி. ஓவியர்கள் கூடிய இடத்தில் அண்ணியைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். அடுத்த வாரமே ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள். பூனை வரைவதில் பேர் வாங்கியவள் என்பதால் நாங்கள் அவளைப் பூனைக்காரி என்போம். அவளும் ஏதோ ஒப்பந்தத்தில் ஏமாந்திருக்கிறாள். தன் வேலையையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அண்ணியிடம் கேட்டாள். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அல்பம் என்று நினைத்துவிடுவாரோ என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டி வைத்தேன்.

பலகையில் பச்சை மை வந்தது. கடிதப் போக்குவரத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே முகவரி. அதன் கடவுச்சொல் எனக்கும் தெரியும், ஆனால் ஒருநாளும் திறந்ததில்லை. வாரம் இரண்டு நாள் அவள் வருவாள். வந்தால் ஒப்பந்தத்தை அண்ணியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பாள், சந்தேகம் கேட்பாள், அண்ணி சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வாள். அண்ணிக்கு முகமெல்லாம் பல். இரண்டு வருடத்தில் நான் ஒரு சந்தேகம் கேட்டிருப்பேனா? உள்ளறையில் வரைந்துகொண்டிருப்பேன். முன்னறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். தூரிகை அந்தரத்தில் நிற்கும். அப்படி என்னதான் சிரிப்போ ஒப்பந்தத்தில்.

மேடம் என்று வந்தவள், மூன்றாவது வாரம் அண்ணி என்றாள். என் அண்ணனைக் கட்டியதால் அவர் எனக்கு அண்ணி. இவளுக்கு எந்த வழியில் அண்ணி? அதை அண்ணி திருத்தவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பலகையில் நீலத்தையும் பச்சையையும் தினமும் எண்ண ஆரம்பித்தேன். பச்சை ஒன்று கூடினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு புதன்கிழமை அண்ணி பல் பிடுங்கப் போயிருந்தார். முன்னறையில் யாரும் இல்லை. கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். சும்மா பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதிதாக ஒரு மின்னஞ்சல். பெரிய பதிப்பகம்; நான் எத்தனையோ வருடம் ஏங்கிய இடம். விலங்குப் புத்தக வரிசைக்குப் பூனைக்காரி அடுத்த மூன்று மாதமும் முழுதாகக் கிடைப்பாரா, இன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று இருந்தது. விலங்குப் புத்தகம். யானையும் கரடியும் வரைகிற நான் இங்கே இருக்கிறேன், அவளைக் கேட்கிறார்கள். கேட்டு வாங்கிக் கொடுத்தது யார்? என் அண்ணி.

கை தானாகத் தட்டச்சு செய்தது. அவருக்கு அந்த மூன்று மாதமும் வேறு வேலை இருக்கிறது, இயலாமைக்கு வருந்துகிறோம் என்று அண்ணி பெயரில் பதில் எழுதி அனுப்பினேன். உள்ளே போய் ஒரு காண்டாமிருகத்தை ஒரே மூச்சில் வரைந்து முடித்தேன். பல நாளைக்குப் பிறகு கை நன்றாக ஓடியது.

மறுநாள் அண்ணி ஒரு பக்கக் கன்னம் வீங்கி வந்தார். கணினியைத் திறந்தார். வெகு நேரம் அசையவில்லை. பிறகு வாயை அதிகம் திறக்காமல் என்னைக் கூப்பிட்டார். பதிப்பகம் பதில் போட்டிருந்தது: புரிகிறது, நீங்கள் முன்பே சொன்னபடி இருவரையும் விட்டுவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

இருவரையுமா? அண்ணி திரையைக் கீழே நகர்த்தினார். நேற்று நான் பார்க்காமல் விட்ட கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பதிப்பகம் முதலில் கேட்டது பூனைக்காரியை மட்டும்தான். பன்னிரண்டு புத்தகமும் அவளே. அதற்கு அண்ணி, வீட்டு விலங்கு ஆறை அவர் வரைவார், காட்டு விலங்கு ஆறை எங்கள் இன்னோர் ஓவியர் வரைவார், இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்கள், ஒருவர் இல்லையென்றால் இருவரும் இல்லை என்று எழுதியிருந்தார். அவர்கள் மறுக்க, மறுபடி எழுதியிருந்தார். என் யானையை, கரடியை எல்லாம், என் தேதிகளோடு சேர்த்து அனுப்பியிருந்தார்; அவளுடைய தேதிதான் பாக்கி. மூன்று வாரம் மல்லுக்கட்டி அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார். எனக்காக.

பதில் போன நேரம் பதினொன்று பத்து. அந்த நேரத்தில் அண்ணி வாயைத் திறந்துகொண்டு பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கடவுச்சொல் தெரிந்த இன்னோர் ஆள் இந்த வீட்டில் நான் மட்டும்தான். அண்ணி நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்று பூனைக்காரி வருகிற நாள். வந்தாள். அண்ணி வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "தேதியை நான் தப்பாப் பாத்துட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. பயம் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இதோ கத்துவாள், ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள், பலகை மறுபடி நீலமாகிவிடும் என்று ஒரு மூலையில் ஆசையும் இருந்தது.

பூனைக்காரி முகம் வெளிறிவிட்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அண்ணிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்தாள். "விடுங்க அண்ணி. பல் வலியோட எதையெல்லாம் பாப்பீங்க? உங்களை நம்பித்தான் இருக்கேன், இருப்பேன்" என்றாள். அண்ணியின் கண் கலங்கிவிட்டது. என் முன்னால் ஒருநாளும் கலங்காத கண். பூனைக்காரி என் பக்கம் திரும்பி, அவங்ககிட்ட நீங்களும் கோபப்படாதீங்க என்று எனக்கு எடுத்துச் சொன்னாள். என் அண்ணிக்காக என்னிடம் பரிந்து பேசுகிறாள்.

வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். என் அண்ணியை மன்னிக்கிற இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணி எழுதலை. நான்தான் எழுதினேன்" என்றேன்.

ஏன் என்று கேட்டாள் பூனைக்காரி.

"அவங்க உன்கூட சிரிக்கிறாங்க. அதான்."

அண்ணி கன்னத்திலிருந்து கையை எடுத்தார். கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்துப்போன முகம்தான் இருந்தது.

"இப்பவும் நீ இதை எனக்காகச் சொல்லலை, இல்லையா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அப்போதும் என் கண், அவர் தோளில் இருந்த அவள் கையை விட்டு நகரவில்லை.