ஓவியரின் மணிக்கட்டு

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, வீட்டில் இரட்டைக் குழந்தைகள். இதற்கிடையே மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைந்துதான் அவள் தன் காமிக்ஸை, பெயர் போடாமல், வாரம் தவறாமல் இணையத்தில் போட்டாள். காமிக்ஸ் கண்காட்சிகளுக்குப் போக லீவு கிடைக்காததால், அவளுக்குப் பதிலாகக் கொழுந்தன் போய் மேசை போட்டு உட்கார்ந்தான்.

ஒருநாள் அவனுடைய பேட்டியைப் பார்த்தாள். "எல்லாம் நான் வரையிறதுதான்" என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

"விடேன், சின்னப் பையன்" என்றான் கணவன். சின்னப் பையனுக்கு முப்பத்தொரு வயது.

அவள் சண்டை போடவில்லை. அடுத்த கண்காட்சிக்கு முந்தின நாள் தன் தளத்தில் ஓர் அறிவிப்புப் போட்டாள்: 'நாளை கண்காட்சியில் யார் எப்படிக் கேட்டாலும் ஓவியர் கண்ணெதிரே வரைந்து தருவார்.' எப்படியோ லீவும் வாங்கிவிட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கொழுந்தன் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு, "சுளுக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"நான் ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறேன். கைய காட்டுங்க தம்பி" என்று துணியை அவிழ்த்து, கையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ஒண்ணுமில்ல. வரையுங்க."

"அண்ணி, வீட்டுல பேசிக்கலாமே" என்று முணுமுணுத்தான்.

"வீட்டுல எனக்கு நேரமில்ல."

மூன்று பேருக்கு அவனையே வரைய விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது ஆள் படத்தைத் திருப்பிக் கொடுத்து, "நிஜமாவே நீங்கதான் வரையிறீங்களா?" என்று கேட்டார். கொழுந்தனுக்கு முகம் செத்துப்போயிற்று. அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"எந்திரிங்க தம்பி" என்று சொல்லி, பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.