கடவுச்சொல் கேட்காத பக்கம்

முதல் ஷிப்ட் முடிந்து ராஜ்மோகன் வீடு திரும்பியபோது மணி இரண்டரை இருக்கும். கேட்டுக்கு வெளியே ஃபெலிக்ஸ் நின்றுகொண்டிருந்தார். பதினாறு வருடமாக அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள், அனல்மின் நிலையத்தில் ஒரே பிரிவில் வேலை. ஃபெலிக்ஸ் யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்து, அடுப்படிவரை போய்த் தண்ணீர் மொண்டு குடிக்கிறவர். அன்று லீவு போட்டிருந்தார். நவம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் குடை இல்லை. சட்டைக்குள் எதையோ நனையாமல் அணைத்துப் பிடித்திருந்தார்.

“உள்ள வராம என்னய்யா நனைஞ்சுக்கிட்டு நிக்கிற?” என்றார் ராஜ்மோகன்.

“இருக்கட்டும் சார்.”

ராஜ்மோகன் ஸ்கூட்டரை நிறுத்தப் போனவர் அப்படியே நின்றார். ஃபெலிக்ஸ் அவரை ஒருநாளும் சார் என்று கூப்பிட்டதில்லை.

ஃபெலிக்ஸ் சட்டைக்குள்ளிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினார். கம்ப்யூட்டரில் அச்செடுத்தவை. நாலாக மடித்து மடித்து மடிப்புகள் வெளுத்திருந்தன.

முதல் தாளில் இருந்தது ராஜ்மோகனின் நாட்குறிப்பு.

‘9 மார்ச் 2006. இன்று கன்ட்ரோல் ரூமில் ஃபெலிக்ஸ் ஒரு விஷயம் சொன்னார். மகள் பேரை நித்யா ஃபெலிக்ஸ் என்று பள்ளிக்கூடத்தில் எழுதும்போதெல்லாம் அவருக்குப் பேனா நின்றுவிடுமாம். அவள் இவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. திண்டிவனத்தில் ஒரு இல்லத்திலிருந்து மூன்று மாதக் குழந்தையாக எடுத்து வந்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாது. இந்த டவுன்ஷிப்பில் இனி எனக்கு மட்டும்தான் தெரியும்...’

மேலே படிக்க முடியவில்லை. தாளின் அடியில், அச்செடுத்தால் தானாக விழும் சின்ன எழுத்தில், தேதியும் இணைய முகவரியும் இருந்தன. நவம்பர் 10. முகவரி அவருடைய வீட்டு கம்ப்யூட்டருடையது.

“இது நீங்க எழுதனதுதானே?”

“ஆமா. ஆனா இது... இது யாரும் பாக்க முடியாதே. இது எங்க வீட்டு மெஷினுக்குள்ள இருக்கு.”

“நித்யா பிசிக்ஸ் புக்குல மடிச்சு இருந்துச்சு. கிழிஞ்ச அட்டைய மாத்தலாம்னு ஜெயா எடுத்திருக்கா. காலையிலேந்து கட்டில்ல உக்காந்துகினு இருக்கா. எழுந்திரிக்கவே இல்ல. சோறு கூட வைக்கல.” மனைவியைப் பற்றிச் சொல்லும்போது ஃபெலிக்ஸ் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “கொழந்த ட்யூஷன் முடிஞ்சு ஏழு மணிக்கு வந்துடும். மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?”

ராஜ்மோகன் ஏதோ சொல்ல வந்தார்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம் சார். அத எடுத்துடுங்க. அது போதும்.” தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஃபெலிக்ஸ் மழையிலேயே நடந்து போனார்.

ராஜ்மோகன் ஈரச் செருப்போடு உள்ளறைக்கு ஓடினார். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டு மூடி இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். விசிறி நின்றது.

அந்த இயந்திரம் அவருடைய பெருமை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் இலவசத் தளத்தில் அவர் சேர்த்து வைத்திருந்த கட்டுரைகளும் படங்களும், அந்தக் கம்பெனி கடையை மூடியபோது ஒரே நாளில் காணாமல் போயின. அதிலிருந்து, தன்னுடையது எதுவும் தன் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை ஏலத்தில் எடுத்து, லினக்ஸ் ஏற்றி, தொலைபேசிக் கம்பியில் வந்த பிராட்பேண்டை இணைத்தார். அவர் விரும்பிப் படிக்கிற நூற்றுச் சொச்சம் தமிழ் வலைப்பதிவுகளில் புதிதாக எது வந்தாலும் அந்த இயந்திரம் தானே திரட்டி வைத்துவிடும். பிடித்த பக்கங்களை அவர் நகலெடுத்துச் சேமித்தார். ஆபீஸிலிருந்தும் திறந்து படிக்கலாம். நாட்குறிப்பும் அதில்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே பூட்டு, ஒரு கடவுச்சொல். “ஊர்க்காரன் வீட்டுத் திண்ணைல நம்ம நகைய வைப்போமா?” என்று ஆபீஸில் எல்லாரிடமும் கேட்பார்.

வயரைப் பிடுங்கியபின் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்படி என்பதுதான் புரியவில்லை.

நாலரை மணிக்கு ஃபோன் அடித்தது.

“எடுத்துட்டீங்களா சார்?” ஃபெலிக்ஸ்.

“எடுத்துட்டேன். மெஷினையே நிறுத்திட்டேன்.”

“நான் மந்தாரக்குப்பத்துல பிரவுசிங் சென்டர்ல உக்காந்துகினு இருக்கேன். கொழந்த பேரப் போட்டு தேடச் சொன்னேன். இன்னும் இருக்குது.”

“இருக்க முடியாது. ஆஃப் பண்ணிட்டேன்.”

“எம் எதிர்ல இருக்குது சார்!” ஃபெலிக்ஸ் கத்தினார். பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தவர்போலக் குரலைத் தாழ்த்தி, “எழுத்து எழுத்தா இருக்குது,” என்றார்.

அப்போதுதான் ராஜ்மோகனுக்கு உறைத்தது. தேடுபொறி பக்கத்தைப் பார்த்ததோடு போகவில்லை, தன்னிடம் ஒரு நகலும் எடுத்து வைத்திருக்கிறது. அசல் அணைந்தாலும் நகல் அங்கே எரியும். அதை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும் என்றால், இந்த இயந்திரம் மறுபடி இணையத்துக்கு வந்து, அந்தப் பக்கம் இங்கே இல்லை என்று அதுவே பதில் சொல்ல வேண்டும்.

பிடுங்கிய வயரை அவரே சொருகினார். இணையத்தில் இணைக்கும் முன் பூட்டைச் சரிபார்த்தார். பூட்டு இல்லை.

ஜூன் மாதம் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றியிருந்தார். பழையதிலிருந்து எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. கடவுச்சொல் வைத்திருந்த ஒரு சின்னக் கோப்பு மட்டும் வரவில்லை. அதன்பிறகு ஐந்து மாதம் தினமும் ஆபீஸிலிருந்து திறந்திருக்கிறார். அது கடவுச்சொல் கேட்கவில்லை. பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கிறது என்று நினைத்தார். கேட்காததை ஒருநாளும் யோசிக்கவில்லை.

தேடுபொறி வந்த வழியும் தெரிந்தது. தன் பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் வாசகர்கள் வருகிறார்கள் என்று ஒரு வலைப்பதிவர் ஓரத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். ராஜ்மோகன் தன் திரட்டியிலிருந்து அந்தப் பதிவைத் திறந்தபோதெல்லாம் அவருடைய வீட்டு முகவரி அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறது. தேடுபொறி அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கிறது.

தபால் ஆபீஸ் வேலை முடிந்து மனைவி தேவயானி ஐந்தேகாலுக்கு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். ராஜ்மோகன் எதையும் விடாமல் சொன்னார்.

“டைரி மொத்தமும் தெறந்து கெடந்துச்சா?”

“ம்.”

“அதுல என்னைப் பத்தி இருக்கா?”

“இருக்கு.”

“ரெண்டு தடவை தங்காமப் போச்சே, அது?”

அவர் தலையசைத்தார். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தார். அவள் பின்பக்கம் போய்த் துணி எடுக்க ஆரம்பித்தாள். மழையில் ஏற்கெனவே நனைந்துவிட்ட துணி. ஒவ்வொன்றாகப் பிழிந்து மறுபடி அதே கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ராஜ்மோகன் பூட்டைப் போட்டார். நாட்குறிப்பை இயந்திரத்திலிருந்தே எடுத்துத் தனி டிஸ்க் ஒன்றுக்கு மாற்றினார். நீக்கச் சொல்லி விண்ணப்பம் அனுப்பினார். சில நாள் ஆகும் என்று பதில் வந்தது. பிறகு, வேறு யார் யார் படித்தார்கள் என்று பார்க்க, வந்தவர்களின் பதிவேட்டைத் திறந்தார். யார் எந்த நேரம் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இயந்திரம் தானாகக் குறித்து வைக்கும். தேடுபொறியில் என்ன தேடி வந்தார்கள் என்பதும் அதில் விழும்.

நாட்குறிப்புக்கு வந்தவர்கள் அதிகமில்லை. பெரும்பாலும் தேடுபொறியின் எந்திரங்கள். ஆட்களில் ஒரே ஒருவர் திரும்பத் திரும்ப வந்திருந்தார். முதல் வருகை ஜூலை 14, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. தேடிய சொற்கள்: நித்யா ஃபெலிக்ஸ் பேச்சுப்போட்டி முடிவு.

நித்யா மாவட்டப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தாள். பேர் வந்திருக்கிறதா என்று தேடியிருக்கிறாள்.

ராஜ்மோகன் தேதியை மறுபடி படித்தார். அச்செடுத்த தேதியைப் பார்த்து, மூன்று நாளைக்கு முன்னால் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தார். ஜூலை. நாலு மாதம். அதற்கப்புறம் பதினான்கு சனிக்கிழமைகள், அதே ஐந்து மணி, ட்யூஷனுக்கு முன்னால்.

அதற்குக் கீழே இருந்தது அவரை எழுந்து நிற்க வைத்தது. நாட்குறிப்பில் பழைய விஷயங்களைத் தேட அவரே ஒரு பெட்டி வைத்திருந்தார். அதில் அவள் எழுதித் தேடியவையும் பதிவாகியிருந்தன.

திண்டிவனம் இல்லம். நித்யா அம்மா பேர். நித்யா பெத்த அம்மா. நித்யா ஏன் குடுத்தாங்க. நித்யா பெத்த அம்மா. நித்யா பெத்த அம்மா.

ஒவ்வொன்றுக்கும் எதிரே இயந்திரம் ஒரே பதிலைக் குறித்திருந்தது: எதுவும் கிடைக்கவில்லை.

“தேவா,” என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார்.

அவள் ஈரக் கையோடு வந்து நின்று படித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“இதை நான் சொல்லவா வேண்டாமா?” என்றார் ராஜ்மோகன். “அவ ரகசியமாத் தேடியிருக்கா. இதையும் நான் போயி வெளிய சொன்னா...”

“ஊருக்குச் சொல்லாதீங்க. பெத்தவங்களுக்குச் சொல்லுங்க. நாலு மாசமாப் பிள்ள தனியா சுமந்துக்கிட்டுத் திரியுது. அவங்க இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு நெனச்சுப் பேசிடப் போறாங்க. இப்பவே வாங்க.”

ஆறு மணிக்கு இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். விளக்குப் போடவில்லை. ஜெயசெல்வி கட்டிலில்தான் இருந்தாள். தாள்கள் அவள் மடியில் இருந்தன. ஃபெலிக்ஸ் உட்காரச் சொல்லவில்லை. ராஜ்மோகன் நின்றபடியே சொன்னார். தேடிய சொற்களை மட்டும் சொல்ல முடியாமல் நிறுத்தினார். தேவயானிதான் அவற்றைச் சொன்னாள்.

ஃபெலிக்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

ஜெயசெல்வி முதல்முறையாக நிமிர்ந்தாள். “ஜூலையா?”

“ஆமா ஜெயா.”

“ஜூலைலேந்துதான் எம் பக்கத்துல வந்து படுத்துகினு இருக்குது. தனியா படுக்க மாட்டேங்குது. பரீச்ச பயம்னு நெனச்சுகினு திட்டினேனே. ஏழு கழுத வயசாவுது, போய் உன் ரூம்ல படுன்னு திட்டினேனே தேவயானி...”

அவள் அழுத அழுகையை ராஜ்மோகனால் நின்று கேட்க முடியவில்லை. வாசலுக்கு வந்தார். ஃபெலிக்ஸ் பின்னாலேயே வந்தார்.

“உங்ககிட்ட சொன்னேன்,” என்றார். “ஒருத்தர்கிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிடும்னு உங்ககிட்ட சொன்னேன். அத எதுக்கு எழுதி வெச்சீங்க?”

பூட்டைப் பற்றி, ஜூன் மாதத்தைப் பற்றி, தேடுபொறியைப் பற்றி ராஜ்மோகன் சொல்ல ஆரம்பித்தார். ஃபெலிக்ஸ் கேட்டது அதை அல்ல.

தெருமுனையில் நித்யாவின் சைக்கிள் மணி கேட்டது. ஃபெலிக்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

அன்று அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. சத்தம் எதுவும் வரவில்லை. ஆறாவது நாள் தேடுபொறியிலிருந்து நகல் போய்விட்டது. ராஜ்மோகன் அதற்கப்புறமும் ஒரு மாதம் தினமும் தேடிப் பார்த்தார். டிசம்பரில் மூவரும் திண்டிவனம் போய் வந்ததாக ஜெயசெல்வி வேலிப் பக்கம் தேவயானியிடம் சொன்னாள். ராஜ்மோகனைப் பார்த்தால் அவள் உள்ளே போய்விடுவாள். ஃபெலிக்ஸ் எழுதிக் கொடுத்து ஷிப்ட் மாற்றிக்கொண்டார். ஒருவர் உள்ளே போகும்போது மற்றவர் வெளியே வருவார். வருகை பதியும் டைம் ஆபீஸ் வாசலில் தலையை அசைத்துக்கொள்வதோடு சரி.

ராஜ்மோகன் வலைப்பதிவுகளைத் திரட்டுவதை விடவில்லை. நாட்குறிப்பை மட்டும் ஜனவரியில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, பிறரைப் பற்றியவற்றை அழித்தார். தேவயானியைப் பற்றி எழுதியதை அவள் கையில் கொடுத்தார். அவள் ஒரு வாரம் வைத்திருந்து, ஒன்றும் சொல்லாமல் கிழித்துப் போட்டாள்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் நித்யா வந்தாள். கையில் கேசரி டப்பா. தேவயானி வேலைக்குப் போயிருந்தாள்.

“ஆயிரத்து நாப்பத்தொண்ணு அங்கிள்.”

“சந்தோஷம்மா. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்தாள். “இதுதானா அது?”

“இதுதான்.”

“நீங்க எழுதனதுக்கு எனக்குக் கோவம் இல்ல அங்கிள். அத நம்பிக்கோங்க. என்னைக்காவது தெரியத்தான போவுது.” கொஞ்சம் நிறுத்தினாள். “அந்தப் பொட்டியில நான் தேடுனதையெல்லாம் நீங்க படிச்சீங்கன்னு அப்பா சொன்னாரு.”

“ஆமாம்மா.”

“அது எழுதி வைக்கும்னு எனக்குத் தெரியாது. யார்கிட்டயும் கேக்க முடியாததுனாலதான் அதுகிட்ட கேட்டேன்.”

ராஜ்மோகனுக்கு மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் பரவாயில்லை என்று சொல்ல வேண்டி வருமே என்று விழுங்கிக்கொண்டார்.

“இப்பல்லாம் நான் எதையும் எங்கயும் தேடறதில்ல,” என்றாள். பிறகு, டப்பாவை மேஜைமேல் வைத்துக்கொண்டே, “திண்டிவனம் இல்லத்துல சிஸ்டர், என்னைப் பெத்தவங்க பேரச் சொன்னாங்க,” என்றாள்.

என்ன பேர் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆன்ட்டி வந்ததும் சூடு பண்ணித் தரச் சொல்லுங்க, ஆறிப்போனா நல்லா இருக்காது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.