ஷாமளா டீச்சரின் குரல்

தயானந்தன் எழுந்தான். குளித்தான். குளியலறை ஹீட்டர் சுவிட்சை அடைத்தான். கோப்பி கலக்கிப் பாதி குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டிய பிறகு மறுபடி திறந்து, ஹீட்டர் அடைத்திருக்கிறதா என்று போய்ப் பார்த்தான். அடைத்துத்தான் இருந்தது. தினமும் அப்படித்தான்.

இன்று விடுப்பு. குளுவாங்கில் அரசாங்கக் கணினிப் பயிற்சி நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அறிவுப் பொருளாதாரத்தில் யாரும் பின்தங்கக் கூடாது என்று வாசலில் பதாகை. போன வருடம் இறந்த அவன் மனைவி ஷாமளா இங்கேதான் வேலை பார்த்தாள். காஹாங் செம்பனைத் தோட்டத்துப் பெண்களுக்குக் கைப்பேசியில் வங்கி, கிளினிக் எல்லாம் பழக்கியவள். வகுப்பில் ஒலிப்பதிவு செய்த அவள் பாடங்கள் இன்னும் இருந்தன.

"புதுசா ட்ரோன் பாடம் வருதுண்ணே," என்றாள் அவள் இடத்துக்கு வந்திருந்த கஸ்தூரி. "தோட்டத்துல இனி ட்ரோன்தான் மருந்தடிக்கும். ஓட்டத் தெரியலன்னா வேல போயிடும். அக்காங்க டீச்சர் குரல்னாதான் உக்காந்து கேப்பாங்க. ஏஐல டீச்சர் குரலையே செஞ்சாச்சு. நீங்க சரின்னா போதும்."

போட்டுக் காட்டினாள். ஷாமளாவேதான். சொல்லாததையெல்லாம் சொன்னாள். தயானந்தன் மேசையைப் பார்த்தபடி கேட்டான்.

"நிக்கவே மாட்டேங்குது."

"என்னண்ணே?"

"ஒண்ண அமுக்கச் சொன்னா, எல்லாரும் அமுக்குற வரைக்கும் நிப்பா."

"ஓ, அதா! சத்தமில்லாத இடம்னு வெட்டிட்டாங்க. திருப்பிப் போட்டுடலாம் லா. எத்தன வினாடி வேணும்?"

"ஆளப் பாத்து நிப்பா. கருப்பாயி அக்கா கண்ணாடி தேடணும்ல."

கஸ்தூரி சிரித்துவிட்டு, சட்டென்று அடக்கிக்கொண்டாள். "டீச்சர் இருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாங்க."

"சொல்லியிருப்பா. ஆனா சொல்லல." எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினான். "பழைய பாடத்த வெட்டாம வச்சிக்குங்க. புதுச நீங்களே நேர்ல போய் நடத்துங்க."

"அலமாக்! என் குரலுக்குக் காக்காதான் பறக்கும், ட்ரோன் பறக்காது."

"நின்னு சொல்லிக் குடுங்க. கேப்பாங்க."

வெளியே வந்து காரின் கதவில் கை வைத்தான். போன வருடம் அந்தக் கடைசிக் காலையில் ஷாமளா இதே கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அவன் வீட்டுக்குள் போய்த் திரும்புவதற்குள் தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். அதற்கு முன் அவள் உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

"ஹீட்டர அடைச்சீங்களா? மெதுவா பாத்துட்டு வாங்க, நான் நிக்கிறேன்."