கம்பெனி பஸ்ஸில் சாய்ந்த தலை

ஒரகடம் சிக்னலில் ஸ்ரீமதியின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம் அவள் புருஷன் சிவசங்கர் இருந்தான். கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல் ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ். எல்லோரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள், சிவசங்கரைத் தவிர. அவன் வலது தோளில் ஒரு பெண்ணின் தலை சாய்ந்திருந்தது. கம்பெனியில் அவன் வேலை பார்க்கும் லைனுக்குப் புதிதாக வந்த கனிஷ்காவாக இருக்கும்; திருநெல்வேலிப் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று அவனே பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். தூக்கத்தில் சரிந்த தலை, அதிலென்ன? ஆனால் அவள் தூக்கம் கலையக் கூடாதென்று கழுத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தானே, அதில்தான் ஸ்ரீமதிக்கு வயிறு எரிந்தது. வீட்டில் டிவி பார்க்கையில் இவள் சாய்ந்தால் மட்டும் துரைக்கு உடனே கை மரத்துப்போகும். அந்த பஸ்ஸில் யாருக்கு எந்த சீட் என்பது ஷிப்ட் மாறுகிற வரைக்கும் மாறாது. அப்படியானால் நேற்றும் அந்தத் தலை அங்கேதான் இருந்திருக்கும். நாளைக்கும் அங்கேதான்.

ஸ்ரீமதி ஒரு பொறியியல் கல்லூரியில் கவுன்சிலர். மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு, நல்ல உறவை எப்படிப் பேணுவது என்று வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறாள். பாழாய்ப்போன பாடத்திட்டத்தில் மறுநாள் பொறாமையின் முறை. பேச்சிராஜும் மஹாலட்சுமியும் காதலர்களாக நடித்தார்கள்.

"நேத்து அவன்கூட எதுக்கு டீ குடிக்கப் போன? எல்லாம் எனக்குத் தெரியும், கேட்டியா!" என்று பேச்சிராஜ் எகிறினான். வகுப்பே சிரித்தது.

"குத்தம் சாட்டாதப்பா. பாத்தத சொல்லு. மனசு எப்டி இருந்துச்சுன்னு சொல்லு. அப்புறம் கேளு," என்றாள் ஸ்ரீமதி.

அவன் தலையைச் சொறிந்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான். "நீ அவன்கூட சிரிச்சுக்கிட்டு நின்னத பாத்தேன். எனக்கு வலிச்சுது. ஏதும் இருந்தா சொல்லிரு."

யாரும் சிரிக்கவில்லை. மஹாலட்சுமிதான் மெல்லக் கேட்டாள். "மேடம், நீங்க வூட்லயும் சார்கிட்ட இப்டிதான் பேசுவீங்களா?"

"ஆமா," என்றாள் ஸ்ரீமதி, வாய் கூசாமல். உபதேசம் ஊருக்குத்தானே.

சாயங்காலம் சிவசங்கர் வந்ததும் சோபாவில் சரிந்தான். "கழுத்து புட்சிக்கினு கீது ஸ்ரீ. தைலம் தேச்சு வுடேன்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

கேட்காமலே அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே அழுத்தித் தேய்த்தாள்.

"மெதுவாம்மா! இன்னா கோவம் உனுக்கு?"

"நேத்து ஒரகடம் சிக்னல்ல உங்க பஸ்ஸ பாத்தேங்க." முதல் வாக்கியம் சொல்லிக்கொடுத்தபடியே வந்துவிட்டது. அடுத்தது, வயிறு எரிந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. சொன்னால், அவன் என்ன பதில் சொல்வானோ.

"கூப்ட்டிருக்கலாம்ல," என்றான், கண்ணைத் திறக்காமல். அவ்வளவுதான். ஒன்றுமில்லாதவன் பேச்சா அது, ஒளிக்கிறவன் பேச்சா?

"அந்தப் பொண்ணு…" என்று அவள் ஆரம்பிக்கையில் அவன் தலை சரிந்து அவள் தோளில் விழுந்தது. லேசாகக் குறட்டை வந்தது.

மீதியைக் கேட்க வேண்டுமானால் அவனை எழுப்ப வேண்டும். தைலம் மணக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். தோள் மரத்துப்போக ஆரம்பித்தது.