பெல்ட்டின் மறுமுனை

கலாமா செம்புச் சுரங்கத்தில் கல் சுமக்கும் பெல்ட் நேற்று ஓடவிருந்தபோது நிபால்டோ அதற்குள் இருந்தான். ஓடுமுன் எச்சரிக்கைச் சங்கு ஊதியதால் வெளியே பாய்ந்தான். உயிர் பிழைத்தது, கை முறிந்தது.

பெல்ட்டின் பூட்டு ஏற்பாட்டை வடிவமைத்தவள் இங்கிரிட் கொயாவோ என்ற இஞ்சினியர். துடைக்கவோ பழுதுபார்க்கவோ உள்ளே இறங்குகிற ஒவ்வொருவனும் மெயின் சுவிட்சில் தன் பூட்டைத் தொங்கவிட வேண்டும். ஒரு பூட்டு மிஞ்சினாலும் சுவிட்சைத் தூக்க முடியாது. சாவி அவனவன் பையில் இருக்கும். ஆகவே உள்ளே ஆள் இருக்கும்வரை பெல்ட் அசையாது.

சாவி பையில் இருந்தால்.

சுவிட்ச் அறை பெல்ட்டின் ஒரு முனையில். சாப்பாட்டுக் கொட்டகை மறுமுனையில். வேலை முடிந்ததும் பூட்டைக் கழற்ற எதிர்க்காற்றில் அவ்வளவு தூரம் போய்த் திரும்பினால் தேநீர் ஆறிவிடும். அதனால் எல்லோரும், 'தோன்' என்று மரியாதையாக அழைக்கும் மூத்தவர் எலிசேயோவிடம் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்; அவர் ஒருவரே போய்த் திறப்பார். நேற்று சாவியைக் கொடுத்த பிறகு நிபால்டோ, மறந்துவிட்ட ஸ்பேனரை எடுக்க மறுபடி உள்ளே போனான்.

'சாவியை அடுத்தவரிடம் கொடுத்தால் வேலை போகும்' என்று இன்று காலை பலகை வைத்தார்கள். இனி ஆபத்தில்லை என்று இங்கிரிட் கையெழுத்திட்டால் மாலையே பெல்ட் ஓடும். பலகை பலிக்கிறதா என்று அதற்கு முன் பார்த்துவிடலாம் என கொட்டகையருகே நின்றாள். பெல்ட்டைத் துடைத்துவிட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"இந்தாங்க தோன் எலிசேயோ, பிடிங்க!"

"டேய், போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. வயிறு அதைவிடச் சத்தமா கத்துதே!"

சிரித்தவர்கள் இங்கிரிட்டைக் கண்டதும் அடங்கினார்கள்.

"மாட்டி விட்டுறாதீங்க, இஞ்சினியரம்மா," என்றார் எலிசேயோ. "நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல. இனிமே வாங்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீட்டினா கை தானா போகுது."

இவ்வளவு பயந்த மனிதரையே தடுக்காத பலகை வேறு யாரைத் தடுக்கும்? தவறு அந்தத் தூரத்தில் இருந்தது. பூட்டும் இடம், ஆள் வெளியே வரும் வழியிலேயே இருந்திருக்க வேண்டும்.

மேலாளரைப் போனில் அழைத்து, பூட்டும் இடத்தைக் கொட்டகைப் பக்கம் மாற்றாமல் கையெழுத்திட மாட்டேன் என்று சொன்னாள்.

"புதுசா கேபிள் இழுக்க வாரக்கணக்கா ஆகும்மா! கிழவரை மாத்தினா முடிஞ்சுது. நீங்க போடலைன்னா வேற ஆள் கையெழுத்துப் போடுவான்."

இங்கிரிட் எலிசேயோவோடு சுவிட்ச் அறைக்கு நடந்தாள். அவர் எல்லாப் பூட்டையும் திறந்ததும், தன்னுடையதாக ஒரு புதுப் பூட்டை எடுத்துச் சுவிட்சில் மாட்டினாள்.

"உள்ளதான் யாரும் இல்லையேம்மா?"

"இப்போ இல்ல. நேத்து இருந்தானே."

சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டாள். பூட்டை வெட்டும் கத்தரி மேலாளரிடம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.