முழங்கை வரை

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் உதவி கேட்டு வந்த செய்திக்கு யார் கட்டைவிரல் படத்தை அமுக்கினாலும், அவருடைய வலது கை உதவி கேட்டவரின் போனிலிருந்து முழங்கை வரை வெளியே வந்தது. முதலில் வந்தது ஒரு கணக்கு டீச்சரின் கை. நாலாம் மாடியில் இறுகிக் கிடந்த குழாயைத் திருகிக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு நாள் அதையே பேசினார்கள், பிறகு தண்ணீர் லாரியைப் போல அதுவும் பழகிவிட்டது. ஒரு கை வேலை செய்வதைக் கண்டால் மற்றவர்களுக்கும் கை துருதுருத்தது. ஒன்று கேட்ட இடத்தில் நாலு வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

அங்கேயே குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான் தொல்லை. எதையும் படிக்காமல் கட்டைவிரல் அமுக்குகிற ஆள் அவர். லிஃப்ட் கூண்டின் மேல் நின்று நட்டு முறுக்கும்போது கை காணாமல் போய், யார் வீட்டிலோ கிரீஸோடு ஒரு குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும். அந்தக் குழந்தையின் அம்மா போட்ட சத்தத்தில் அவர் குழுவை விட்டே வெளியேறினார். ஒரு வருடம் கை தோளோடு நிம்மதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய அப்பா குளியலறையில் வழுக்கி, சுவருக்கும் கழிப்பறைக் கோப்பைக்கும் நடுவில் செருகிக்கொண்டார். பீரோ மாதிரி உடம்பு. மூச்சு பாதிதான் வந்தது. தலையைத் தாங்கியிருந்த தன் கையை மெக்கானிக் எடுத்தால் முகம் தரையில் தேங்கிய தண்ணீரில் சாயும். ஆம்புலன்ஸ்காரர்கள் வழியெல்லாம் வெள்ளம் என்றார்கள். அவர் இன்னொரு கையால் குழுவின் அட்மினான தையல்காரியைக் கூப்பிட்டார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பி வர்றீங்க தம்பி?"

"இருக்கறது ஒரே மூஞ்சிதான்க்கா. அப்பா விழுந்துட்டார். சேத்து விடுங்க."

சேர்த்துவிட்டாள். அவர் ஒரு வரி எழுதி, போனைக் கவிழ்த்த வாளிமேல் வைத்தார். வளையல் போட்ட கை, மாவு ஒட்டிய கை, ஊசி குத்திய விரல்களோடு தையல்காரியின் கை என்று வந்துகொண்டே இருந்தன. அந்தச் சின்னத் திரையில் எத்தனை நுழையும் என்று யாரும் யோசிக்கவில்லை. அக்குளில் ஒன்று, இடுப்பில் இரண்டு.

"மெதுவா," என்றார் அப்பா. "யாரோ கிச்சுகிச்சு மூட்டுறாங்க."

கைகள் தூக்கிக் கொடுக்க, அப்பா, கைகள், போன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக மெக்கானிக் கட்டில் வரை கொண்டுபோனார். மூச்சு சீரானது. கைகள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின, ஒன்றைத் தவிர. அது அப்பாவின் விரல்களைப் பிடித்தபடி நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது: கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர். வண்டி நிறுத்தும் இடத்துக்கான சண்டையில் மெக்கானிக்கின் சட்டையைக் கிழித்தவர். அதன்பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

கீழிருந்து ஜன்னல் வழியே அவர் குரல் வந்தது.

"வண்டி விஷயம் வேற, இது வேற. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி," என்றார் மெக்கானிக்.

அப்பா தூங்கிப்போனார். கை விடவில்லை. மெக்கானிக் ஒரு தலையணையை எடுத்து அந்த முழங்கைக்கு அடியில் வைத்துவிட்டு, குளியலறையைத் துடைக்கப் போனார்.