பனிக்கு ஆகும் உடுப்பு

“அக்கா, இது பனி பெய்யுற ஊருக்கு உள்ளது. இங்க போட்டா வெந்து போயிடுவீங்க. கெந்திங் மலைக்குப் போறீங்களா?” என்று ஆன்லைன் கடைக்காரன் மலாயில் எழுதியிருந்தான். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு. ரூபினி மீகூன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தாள். ‘தம்பிக்கு’ என்று தட்டினாள். பிறகு அதை அழித்துவிட்டு, மழையில் நனைந்தால் கையுறைக்குள் தண்ணீர் இறங்குமா என்று மட்டும் கேட்டாள். இறங்காது, நிறைய பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று உடனே பதில் வந்தது. வாங்கியவர்களின் படங்களைப் பார்த்தாள். கோலாலம்பூர்க் குடும்பங்கள் கொரியாவுக்குச் சுற்றுலா போய், பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே கையுறை. சைக்கிளில் போன ஒருவர்கூட அதில் இல்லை. அவள் வேலை செய்யும் குளுவாங் நாற்காலித் தொழிற்சாலையின் கேண்டீன் கூரை தகரத்தால் ஆனது. மழைச் சத்தத்தில் பக்கத்து மேசையில் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

குளிர் என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஜொகூர் பாரு பஸ்ஸின் ஏர்கோன்தான். அவள்தான் இந்த ஒரு வருடமாகக் குளிரைப் படித்துக்கொண்டிருந்தாள். மழைக்குப் போடும் சட்டை காற்றைத் தடுக்கும், ஆனால் சூடு தராது. சூடு தரும் சட்டை மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். உடம்போடு ஒட்டுகிற உள்சட்டை ஒன்று, அதன்மேல் பஞ்சு வைத்தது ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுக்கு ஒன்று. வியர்த்து நின்றால் அந்த வியர்வையே குளிர்ந்து ஆளைக் கொல்லுமாம். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவர்கள், விலை குறைவான உடுப்புகளை ஒப்பிட்டுப் பேசும் வெள்ளைக்காரர்கள். பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். வெளியே செம்பனை மரங்கள் வெயிலில் வாடி நிற்கும்.

தம்பி சுகுமாறன் மேல்படிப்புக்குக் கிளாஸ்கோ போனவன். படித்து முடித்தான். அங்கேயே ஒரு ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலர் வைத்த சட்டையோடு வீடியோவில் வருவான். அம்மா வெள்ளையம்மா அந்த முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்; போனின் கண்ணாடி மங்கும். கோயில் கமிட்டி சதாசிவம் எப்போது எதிரில் வந்தாலும், மகன் எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்கும்வரை அம்மா அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

போன வருடம் திடீரென்று ஒரு செய்தி அனுப்பினான். சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் மழைச்சட்டை நம்ம ஊரில் மலிவாகக் கிடைக்குமா என்று. ரூபினி உடனே கூப்பிட்டாள்.

“உனக்கு எதுக்குடா சைக்கிள் சட்ட?”

காற்றுச் சத்தத்துக்கு நடுவே சொன்னான்.

“சாப்பாடு கொண்டு போய்க் குடுக்குறேன்கா. வீடு வீடா. வேற வேல கெடைக்கிற வரைக்கும்தான் லா. அம்மாகிட்ட சொல்லிடாத.”

சொல்லவில்லை. ஆபீஸ் வேலை இல்லை என்பதைக்கூட அம்மா தாங்கிக்கொண்டிருப்பார். சைக்கிளைத் தாங்கமாட்டார். அவர்களுடைய அப்பா ரெங்கம் போகும் சடக்கில் சைக்கிளில் வந்தபோதுதான், மழையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று அடித்துப் போட்டுவிட்டுப் போனது. ரூபினி அப்போது இடைநிலைப் பள்ளியில் இருந்தாள். தம்பிக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த பக்கத்தில் அவன் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த சைக்கிளை அம்மா வீட்டு வாசலுக்குக்கூட வர விடவில்லை. அன்றைக்கு இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, இரண்டு சக்கரத்தில் ஏறமாட்டோம் என்று சொல்ல வைத்தார். சுகுமாறன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சிநேகிதன் சைக்கிளில் ஓட்டப் பழகிக்கொண்டான். ரூபினிதான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மோட்டார் சைக்கிள் ஓட்டியிருந்தால் ஜொகூர் பாருவில் நல்ல வேலைக்கெல்லாம் போயிருக்கலாம், ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கலாம், இன்னும் என்னென்னவோ நடந்திருக்கலாம். அவளுக்கு வாய்த்தது ஃபேக்டரி பஸ்.

இந்தத் தடவை அவன் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவன் கோப்பையைப் பிடித்த விதம் அவளை உறுத்தியது. விரல்களை மடக்காமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பிடித்திருந்தான். இரவில் தனியாகக் கேட்டபோது, விரல் கொஞ்சம் வெடிச்சிருக்கு, அவ்வளவுதான் என்றான். மார்பளவு எடுத்து அனுப்பச் சொன்னாள். அவன் அனுப்பிய அளவைப் பார்த்துவிட்டு, தப்பாக எடுத்திருக்கிறாய், திரும்ப எடு என்றாள். திரும்பவும் அதே அளவுதான் வந்தது. போகும்போது அவனுக்குத் தைத்துக் கொடுத்த தீபாவளிச் சட்டையின் அளவு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது; இது அதைவிடச் சின்னது. “சைக்கிள் சட்ட டைட்டாத்தான்கா இருக்கணும்” என்று எழுதியிருந்தான், அவள் கேட்காததற்குப் பதில் சொல்வதுபோல.

அவர்கள் குடியிருக்கும் தாமானில் நாலு வீடு தள்ளி இருக்கும் சாந்தினி கிளாஸ்கோவில்தான் படிக்கிறாள். விடுமுறை முடிந்து சனிக்கிழமை புறப்படுகிறாள். பெட்டியில் கொஞ்சம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தாள். ரூபினி எல்லாவற்றையும் தொழிற்சாலை முகவரிக்குத்தான் எப்போதும் வரவழைப்பாள். ஆனால் முதலில் பேசிய கடைக்காரனிடம் அந்த அளவு தீர்ந்துவிட்டது. அவசரத்தில் வேறு கடைக்கு மாறி, அங்கே எல்லாவற்றையும் சேர்த்து ஆர்டர் போட்டாள். பிறகு லாபிஸ் பக்கம் வெள்ளம் ஏறி, லோரிகள் வராமல், பொட்டலம் எங்கேயோ ஒரு கிடங்கில் கிடந்தது. அவள் மணிக்கொருதரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் போன் அதிர்ந்தது. பொட்டலம் ஒப்படைக்கப்பட்டது என்று செய்தி. அத்தாட்சிக்கு ஒரு படம். படத்தில் நனைந்த சாம்பல் நிறப் பொட்டலம், அதைப் பிடித்திருக்கும் கை, அந்தக் கையில் தேய்ந்துபோன ஒற்றை வளையல். பின்னால் அவர்கள் வீட்டுப் பச்சை கேட். புதுக் கடையில் வீட்டு முகவரியை மாற்ற மறந்திருக்கிறாள்.

பஸ் தண்ணீர் தேங்கிய இடங்களில் நின்று நின்று போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி, முகம் ஏன் இப்படி இருக்கு, வயித்து வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ரூபினி. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, பொட்டலத்தைப் பிரிக்கிற பழக்கமும் இல்லை. பிரித்தாலும் கம்பெனியில் யாருக்கோ வாங்கியது என்று சொல்லிவிடலாம். மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்த யாரோவுக்கு ஒரு பெயர்கூட வைத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அம்மா எல்லாவற்றையும் பிரித்து, கூடத்துத் தரையில் பாய் விரித்துப் பரப்பி வைத்திருந்தார். மழை ஈரம் பட்டிருந்ததால் ஃபேனுக்கு அடியில் காயப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் கறுப்புச் சட்டை கையை அகட்டிக் கிடந்தது. அதன் கீழே கால்சட்டை. சட்டைக் கைகளின் நுனியில் இரண்டு கையுறைகள். தலை இருக்க வேண்டிய இடத்தில் முகத்தை மூடும் துணி. அப்பாவைக் கிடத்திய அதே கூடம், அதே பக்கம்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இந்தக் கால்சட்டையில என்னடி, உக்கார்ற எடத்துல மெத்த வச்சித் தச்சிருக்கான்?”

“கம்பெனில ஒருத்தருக்கும்மா. குணாளன்னு...”

அம்மா மடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். கையுறையோடு வந்த அட்டை. வெள்ளை வெளேரென்ற பனியில் ஒருவன் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறான்.

“குளுவாங்ல எங்கடி பனி பெய்யிது?”

ரூபினி பையைக் கீழே வைத்தாள். பாயை மிதிக்காமல் சுற்றிப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். ஆபீஸ் இல்லை, சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறான், ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கத்துவார், நெஞ்சில் அடித்துக்கொள்வார் என்று காத்திருந்தாள்.

“அப்ப அந்தச் சட்ட? ஞாயித்துக்கெழம போடுறது?”

“அது உங்களுக்காகப் போடுறதும்மா.”

மழை ஓய்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீரைக் கூட்டித் தள்ளும் சத்தம் கேட்டது.

“போன் போடு” என்றார் அம்மா.

“வேணாம்மா. அவன் பாவம்மா. இப்ப அங்க காலைல. வேலைல இருப்பான்.”

“போடுன்னா போடு.”

வெகுநேரம் மணி அடித்தது. எடுக்கமாட்டான் என்று நினைத்த நேரத்தில் படம் வந்தது. தாடைக்குக் கீழே ஹெல்மெட் வார், சிவந்த மூக்கு. “என்னக்கா?” என்றவன் அம்மாவைப் பார்த்துவிட்டான். சட்டென்று படம் மேலே போனது. சாம்பல் நிற வானம் மட்டும் தெரிந்தது. அதிலிருந்து பொடிப்பொடியாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது. திரும்ப முகம் வந்தபோது ஹெல்மெட் இல்லை. முடி நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது.

“அம்மா! என்னம்மா இந்நேரத்துல?”

“சும்மாதான்யா. பசியாறிட்டியா?”

“ஆச்சும்மா. ஆபீசுக்குப் போய்கிட்டு இருக்கேன்.”

“நடந்தா?”

“ஆமாம்மா. கிட்டதான.”

“குளுருதா?”

“அவ்ளோ இல்லம்மா.” அவன் போனை மாற்றிப் பிடித்தான். ஒரு கணம் விரல்கள் திரையை மறைத்தன. கணுக்களில் தோல் பிளந்து, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அம்மா அதைப் பார்த்தார். ரூபினியும் பார்த்தாள்.

“சரிப்பா. நேரமாவுது ஒனக்கு. சடக்கு தாண்டுறப்ப ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டு.”

“சரிம்மா.”

“லோரி வந்தா ஒதுங்கி நின்னுடு. அவன் போவட்டும்.”

அவன் தலையை ஆட்டினான். படம் அணைந்தது.

ரூபினிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அழுகை வரும் என்றுதான் நினைத்தாள், வாயில் வந்தது வேறாக இருந்தது.

“அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நா மோட்டர் லைசன் எடுக்குறேன்னு சொன்னப்ப மருந்தக் குடிச்சிச் செத்துடுவேன்னு சொன்னீங்கல்ல? எத்தன வருசம்மா அந்த பஸ்ஸுக்கு மழைல நிக்கிறேன்? எனக்கு யாரு சட்ட வாங்கித் தந்தா?”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கண்ணும் கலங்கவில்லை.

“நீ இங்க இருந்த. புடிச்சி வச்சிக்கிட்டேன். அவன எங்க போயிப் புடிக்கச் சொல்ற?”

அம்மா எழுந்து, பாயில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். தையலை இழுத்துப் பார்த்தார். உள்பக்கத்தைத் திருப்பிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மலிவுத் துணி, ஓரங்களில் நூல் தொங்கியது. பல்லால் கடித்து அறுத்தார். சட்டையும் கால்சட்டையும் முகத்துணியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போயின. சாந்தினி வீட்டுக்குக் கொண்டுபோகும் அளவுக்குக் கட்டு சின்னதாக வந்தது. கையுறையை மட்டும் அம்மா உள்ளே வைக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

ரூபினி பாயைச் சுருட்டி வைத்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது நனைந்த துணியை மாற்றினாள். சமையலறையில் விளக்குப் போடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். சத்தமும் இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

அம்மா ஐஸ்பெட்டியின் மேல்கதவைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே எரிந்த சின்ன விளக்கு மட்டும் முகத்தில் அடித்தது. வலது கையில் அந்தக் கறுப்புக் கையுறை, முழங்கைவரை உள்ளே, உறைந்த கெம்போங் மீன் பொட்டலங்களுக்கும் பனி பிடித்த சுவருக்கும் நடுவில். அம்மா கண்ணை மூடியிருந்தார், காய்ச்சல் பார்ப்பவர் போல.

“என்னம்மா பண்றீங்க? கரண்டு வீணாப் போவுதும்மா.”

“இரு.”

“சூடா இருக்கா?”

“மொதல்ல இருந்துச்சி.” அம்மா உள்ளே விரல்களை மடக்கி, விரித்து, மறுபடியும் மடக்கினார், எதையோ பிடித்திருப்பதுபோல. “இப்ப நுனி மரத்துப் போச்சு.”

“கைய எடுங்கம்மா. போதும்.”

அம்மா எடுக்கவில்லை. திறந்த கதவிலிருந்து வெண்புகை இறங்கி, அவர் கழுத்தைத் தொட்டு, சேலை மடிப்புகளின் வழியாகத் தரைக்கு வழிந்துகொண்டிருந்தது.